படம் போடாதீர்கள்!

2017-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 20-ஆம் தேதி உலகத்துப் பத்திரிகைகளுக்கெல்லாம் ஒரு படம் கிடைத்தது. கரிய ஆகாயம். அதிலே தூவிவிட்டாற்போல் நட்சத்திரங்கள். நடுவே, பாதி கருகிய சுருட்டு மாதிரி, செம்மண் நிறத்தில் நீளமான ஒரு கல். அந்தக் கல்லில் மேடு இருந்தது, பள்ளம் இருந்தது, வெடிப்பு இருந்தது. ஒரு பக்கத்தில் வெயில்கூட அடித்தது. நம்முடைய சூரிய மண்டலத்துக்கு வெளியே எங்கிருந்தோ புறப்பட்டு, உள்ளே வந்து, திரும்பிப் போய்க் கொண்டிருந்த முதல் விருந்தாளி அது. ஹவாய்த் தீவிலிருந்த டெலஸ்கோப் அதைக் கண்டுபிடித்ததனால், ஹவாய் மொழியில் 'ஓமுவாமுவா' என்று பெயர் வைத்தார்கள். தூரத்திலிருந்து முந்தி வந்த தூதன் என்பது அதற்கு ஏறக்குறைய அர்த்தம்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அனைவரும் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டதாக இன்றுவரை நம்பிக் கொண்டிருக்கிறார்கள். என் நண்பர்களில் நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் 'சுருட்டு மாதிரி இருக்குமே, அதுதானே?' என்றார்கள். அவர்களில் ஒருவர் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர்.

ஆனால் அந்தக் கல்லை யாருமே பார்க்கவில்லை. ஹவாயிலே பார்க்கவில்லை, சிலி தேசத்து மலை உச்சியிலே பார்க்கவில்லை, வானத்தில் மிதக்கிற ஹப்பிள் டெலஸ்கோப்பும் பார்க்கவில்லை. எல்லாரும் பார்த்தது ஒரு புள்ளி. வெறுங் கண்ணுக்குத் தட்டுப்படவே தட்டுப்படாத, மிகப் பெரிய கண்ணாடிகளுக்குக்கூட மங்கலாகவே தெரிந்த, ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி சில மணி நேரத்துக்கு ஒரு தரம் பிரகாசமாயிற்று, பிறகு மங்கிற்று, பிறகு மறுபடியும் பிரகாசமாயிற்று. அந்த ஏற்ற இறக்கத்தை ஒரு தாளில் கோடாகப் போட்டார்கள். விஞ்ஞானிகளிடம் இருந்தது அந்தக் கோடு மாத்திரமே. மீதியெல்லாம் வண்ணம், தூரிகை, கம்ப்யூட்டர்.

படத்தை வெளியிட்ட ஐரோப்பிய வான் ஆராய்ச்சி நிலையத்தார் 'இது ஓவியரின் கற்பனை' என்று நேர்மையாகவே குறிப்பு எழுதித்தான் கொடுத்தார்கள். ஓவியரின் பேரிலும் எனக்குக் கோபம் கிடையாது. அவர் தம் வேலையை வெகு நன்றாகச் செய்திருக்கிறார், வம்பே அதுதான். என் வழக்கு எல்லாம் நமக்குப் படங்களைப் பரிமாறுகிற பத்திரிகைக்காரர்கள் பேரிலும் தொலைக்காட்சிக்காரர்கள் பேரிலும்தான். அந்தக் குறிப்பு என் கைக்கு வந்து சேர்ந்த பத்திரிகைகளில் எறும்பு எழுத்தாகிவிட்டது. சிலவற்றில் எறும்பும் இல்லை. கோட்டையாவது போட்டார்களா? அதுவும் இல்லை. உண்மையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, உண்மையின் வேஷத்தை முதல் பக்கத்தில் போட்டார்கள்.

'இதில் என்ன ஐயா வந்துவிட்டது? ஆகாயத்திலே போகிற கல் சுருட்டாக இருந்தால் என்ன, சுண்டைக்காயாக இருந்தால் என்ன?' என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டுகிறேன். அந்தக் கோடு என்ன சொல்லும், எவ்வளவு சொல்லும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பார்த்தால் உங்களுக்கும் கோபம் வரும்.

அம்மிக் குழவி ஒன்றை நடுவிலே கயிறு கட்டித் தொங்கவிட்டு, வெயிலில் சுற்றிவிடுங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். குழவி பக்கவாட்டாக நிற்கும்போது வெளிச்சம் பட்ட முகம் அகலமாகத் தெரியும். முனையைக் காட்டும்போது குறுகிவிடும். இப்போது பின்னாலேயே நடந்து நடந்து, குழவி ஒரு பொட்டாகச் சுருங்கிவிடுகிற தூரத்துக்குப் போய்விடுங்கள். இனிமேல் குழவி தெரியாது. ஆனால் பொட்டு கூடும், குறையும். முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு தரம் கூடும், இரண்டு தரம் குறையும். ஏனென்றால் குழவிக்கு இரண்டு பக்கம், இரண்டு முனை. கையில் ஒரு கடிகாரம் இருந்தால், குழவியைக் காணாமலே அது ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை நேரம் எடுத்துக் கொள்கிறது என்று சொல்லிவிடலாம். தொங்குவது குழவியா தேங்காயா என்றும் சொல்லிவிடலாம். உருண்டையான தேங்காய் எப்படிச் சுற்றினாலும் பொட்டு அசையாது.

இன்னொரு வேடிக்கை. மொட்டை மாடியில் ஏறி நின்று, கயிற்றின் வழியாகவே கீழே பார்த்தீர்களானால், குழவி எந்நேரமும் முழு நீளத்தையும் காட்டிக் கொண்டே சுற்றும். பொட்டில் ஏற்ற இறக்கமே இராது. ஆகவே, எந்தத் திசையிலிருந்து பார்க்கும்போது ஏற்ற இறக்கம் அதிகம், எந்தத் திசையிலிருந்து பார்க்கும்போது குறைவு என்று குறித்துக் கொண்டே வந்தால், கயிறு எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது, அதாவது சுழலுகிற அச்சு எங்கே நிற்கிறது என்பதும் பிடிபட்டுப் போகும்.

இதற்கு எந்த மேதாவித்தனமும் வேண்டாம். வேண்டியது பொறுமை, ராத்திரித் தூக்கத்தை விடுகிற பொறுமை.

இந்தப் பொறுமைக்கு நூறு வருஷத்துக்கு மேல் சரித்திரம் இருக்கிறது. 1898-ல் பெர்லின் நகரில் குஸ்டாவ் விட் என்பவர் 'ஈராஸ்' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். 1901-ல் எகான் ஃபான் ஓப்போல்ஸர் அதன் ஒளி மணிக்கு மணி மாறுகிறது என்று சொன்னார். வானத்துக்காரர்கள் எல்லோரும் அதன்மேல் கண்ணை வைத்தார்கள். சில மாதங்களில் அந்த ஏற்ற இறக்கம் மெள்ள மெள்ள மங்கி மறைந்து போயிற்று! ஒன்று சுற்றுகிறதா, இரண்டு கற்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றனவா என்று தகராறு. மொட்டை மாடியை நினைத்துக் கொள்ளுங்கள்: பூமியும் ஈராஸும் தங்கள் தங்கள் பாதையில் நகர நகர, நாம் அதைக் கயிற்றின் வழியாகப் பார்க்கிற இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம், அவ்வளவுதான். நீளமான கல், 5 மணி 16 நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்று பின்னால் நிச்சயமாயிற்று. 2000-ஆம் வருஷம் பிப்ரவரியில் அமெரிக்கர்களின் 'நியர்' விண்கலம் ஈராஸை நெருங்கி, அதைச் சுற்றிவர ஆரம்பித்தது. கிட்டத்தட்ட 34 கிலோமீட்டர் நீளம், 11 கிலோமீட்டர் அகலம். 5 மணி 16 நிமிஷத்துக்கு ஒரு சுற்று. புள்ளியைப் பார்த்துச் சொன்னவர்கள் சொன்னது சொன்னபடியே இருந்தது. அவர்களில் பலர் அதற்குள் மண்ணாகிப் போயிருந்தார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆசாமி ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர். 1906-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். புள்ளியின் ஒளியைக் கொண்டு வடிவத்தைச் சொல்லிவிடலாம் என்று குதித்துக் கொண்டிருந்தவர்களின் அடுப்பில் தண்ணீரை ஊற்றுகிற கட்டுரை. கல் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிற சமயத்தில் வருகிற வெளிச்சத்தை மட்டும் வைத்துக் கொண்டு, அது கோணலான கல்லா, அல்லது கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுக்கள் படிந்த கல்லா என்று பிரித்துச் சொல்லவே முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 'எனக்கு இவ்வளவுதான் தெரியும். இதற்கு மேல் தெரியாது. தெரியவும் முடியாது, இதோ காரணம்' என்று எழுதுகிற ஆண்மை எத்தனை பேருக்கு வரும்? நம் ஊர்ப் பண்டிதர்களில் அப்படி எழுதியவர் ஒருவரைக் காட்டுங்கள்; அவர் வீட்டு வாசலில் போய் நான் ஒரு மாலை போட்டுவிட்டு வருகிறேன்.

ரஸ்ஸல் அடைத்த கதவை அவர் விட்டுவைத்த சந்து வழியாகவே 2001-ல் திறந்தவர்கள் பின்லாந்து தேசத்து மிக்கோ காசலைனனும் அவருடைய சகாக்களும். நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கும்போது வருகிற ஒளி போதாதா? சரி, சாய்ந்து நிற்கும்போது பாருங்கள். பக்கவாட்டிலிருந்து வெயில் விழும்போது கல்லின் நிழல் கல்லிலேயே விழுகிறது. அந்த நிழலிலே வடிவத்தின் ரகசியம் இருக்கிறது. இந்த வருஷம் ஒரு திசை, அடுத்த வருஷம் ஒரு திசை என்று பல கோணங்களில் எடுத்த ஒளிக்கோடுகளைச் சேர்த்துக் கொண்டு, பட்டை தீட்டிய வைரத்தைப்போல் ஆயிரக்கணக்கான சிறு முகங்கள் கொண்ட ஒரு கல்லைக் கணக்கிலே செய்தார்கள். ஒவ்வொரு முகத்தின் பரப்பையும் கூட்டியும் குறைத்தும், கணக்குக் கல்லின் ஒளி ஆகாயத்துக் கல்லின் ஒளியோடு ஒத்துப் போகிறவரை விடவில்லை. குழி விழாத ஒரு பொருளின் எந்த முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது, அதன் பரப்பு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், அப்படிப்பட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்று ஜெர்மனியில் மின்கோவ்ஸ்கி என்ற கணித மேதை எப்போதோ நிரூபித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அது இங்கே கைகொடுத்தது. இன்றைக்குப் பிராக் நகரத்துச் சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில் இப்படிக் கண்டறிந்த ஆயிரக்கணக்கான கற்களின் வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அத்தனையும் புள்ளியிலிருந்து வந்தவை.

'குழி விழாத' என்று சொன்னேன் அல்லவா? அதைக் கவனிக்க வேண்டும். இந்த முறையில் கிடைப்பது, கல்லின் மேல் துணியை இழுத்துச் சுற்றினாற்போன்ற ஒரு உருவம். உடுக்கையைத் துணியால் சுற்றினால் இடுப்பு மறைந்து உருளையாகத் தெரியும். 'கிளியோபாட்ரா' என்ற சிறுகோள் ஏறக்குறைய உடுக்கைதான். அதன் இடுப்பு 2000-ல் ரேடார் கொண்டு பார்த்தபோதுதான் சரியாக வெளியே வந்தது. 2005-ல் ஜப்பானியரின் 'ஹயபுசா' விண்கலம் 'இதோகாவா' என்ற கல்லுக்குப் போயிற்று. 535 மீட்டர் நீளம். ஒரு சுற்றுக்கு 12 மணி 8 நிமிஷம். விண்கலம் போய்ச் சேர்வதற்கு முன்பே ஒளிக்கோட்டிலிருந்து போட்ட வடிவம் தயாராக இருந்தது. நீள அகலப் பொருத்தமும் அச்சின் சாய்வும் நன்றாகவே ஒத்துப் போயின. கல்லுக்கு நடுவிலே இருந்த கழுத்து மட்டும் துணிக்குள் மறைந்திருந்தது. இவ்வளவுதான் தெரியும் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்ததனால் யாரும் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை.

இப்போது சுருட்டுக்கு வருவோம்.

ஓமுவாமுவாவின் ஒளி ஏறக்குறைய பத்து மடங்கு மாறியது. ஆகவே நீளம் அகலத்தைப்போல் பத்து மடங்கு இருக்கலாம் என்று முதல் கட்டுரையில் எழுதினார்கள். ஓவியர் அதை வாங்கிக் கொண்டு சுருட்டு வரைந்தார். ஆனால் ஈராஸைப் பாருங்கள். அதன் ஒளி சில சமயம் நாலு மடங்கு மாறுகிறது. கிட்டப் போய் அளந்தால் நீளம் மூன்று மடங்குதான். சாய்ந்த வெயிலில் நிழல் விளையாடுவதனால் ஒளி மிகைப்படுத்திச் சொல்லும். ஓமுவாமுவாவையும் சாய்ந்த வெயிலில்தான் பார்த்தார்கள். பத்து என்பது ஆறாகக்கூட இருக்கலாம் என்று பிறகு கணக்குப் போட்டார்கள். இன்னொன்று: அது குழவியைப்போல் ஒழுங்காகச் சுற்றவே இல்லை. ஓட்டத்தில் இடறிவிட்ட பம்பரத்தைப்போல் தள்ளாடித் தள்ளாடிச் சுற்றியது. கோடு ஒரு தரம் போல் இன்னொரு தரம் இல்லை. அந்தத் தள்ளாட்டத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்து 2019-ல் மாஷென்கோ என்ற ஆராய்ச்சியாளர், சுருட்டைக் காட்டிலும் தட்டையான வட்டம்தான் அதிகமாகப் பொருந்துகிறது என்றார். அப்பளத்தைச் சுழற்றினாலும் முகம் காட்டும்போது ஒளி, விளிம்பு காட்டும்போது இருட்டு. அதே ஏற்ற இறக்கம்!

சுருட்டா, அப்பளமா? அப்பளத்துக்கே சாய்கால் அதிகம். ஆனால் இன்றைக்கும் எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும் சுருட்டுத்தான். கோடு தன் கருத்தைத் திருத்திக் கொண்டது. படம் திருத்திக் கொள்ளவில்லை. படத்துக்கு அந்தச் சக்தி கிடையாது. ஒரு தரம் கண்ணில் விழுந்துவிட்டால் விழுந்ததுதான். படத்தின் பேரில் என்னுடைய முதல் குற்றச்சாட்டு இதுவே.

கதை எழுதுகிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. என்னுடைய தொடர்கதை ஒன்றில், நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை வருவாள். அவள் முகம் எப்படி இருக்கும் என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை, வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அவளுடைய வார்த்தையும் மௌனமும் மற்றவர்கள் மேல் விழுந்து திரும்புகிற விதத்தைக் கொண்டே வாசகர்கள் அவளைக் கட்டிக் கொள்ளட்டும் என்று விட்டிருந்தேன். பத்திரிகைக்காரர்கள் இருபது வயதுப் பெண் ஒருத்தியைப் படமாகப் போட்டார்கள். மூக்கிலே ஒரு மூக்குத்தி, இடுப்பிலே ஒரு கை. அதற்குப் பிறகு எனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் மூக்குத்திக்காரியைப் பற்றியே இருந்தன. என் ஆசிரியை செத்துப் போனாள்.

'சாதாரண ஜனங்களுக்குக் கோடெல்லாம் புரியாது சார்; படம் இருந்தால்தான் படிப்பார்கள்' என்பது பத்திரிகை அலுவலகங்களில் எப்போதும் சொல்லும் பதில். இதைக் காட்டிலும் திமிரான பேச்சு வேறு இல்லை. கிரிக்கெட் ஆட்டத்தில் ஓவருக்கு ஓவர் ரன் ஏறுகிற கோட்டைப் பார்த்து, 'பதினைந்தாவது ஓவரில் சரிந்துவிட்டான்' என்று பெட்டிக்கடை வாசலில் நின்று வியாக்கியானம் பண்ணுகிறவர் யார்? சாதாரண ஜனங்கள்தானே! ஆஸ்பத்திரியில் கட்டிலின் காலடியில் தொங்குகிற ஜுரக் கோட்டைப் பார்த்தே, டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன், பிள்ளை பிழைத்துவிட்டான் என்று கண்ணைத் துடைத்துக் கொள்கிற தாய் எந்தக் காலேஜில் படித்தாள்? பங்கு மார்க்கெட் கோட்டைப் பார்த்து ராத்தூக்கம் இழக்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்னிரண்டு கட்டத்தில் ஒன்பது எழுத்துக்களைப் போட்டுக் கொடுத்தால், அதிலிருந்து பிள்ளையின் ஆயுள், படிப்பு, உத்தியோகம், வரப்போகிற மாமியாரின் குணம் வரையில் படித்துச் சொல்லுகிற ஜனங்கள் ஐயா நாம்! ஒரு கல் 5 மணி 16 நிமிஷத்துக்கு ஒரு தரம் சுற்றுகிறது என்பதை ஒரு கோட்டிலிருந்து படிக்க நமக்கா தெரியாது? கொடுத்துப் பார்க்காமலே தெரியாது என்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கட்சி வருகிறது. 'ஓஹோ, படம் இல்லையா? அப்படியானால் எல்லாம் ஊகம்தானே? புள்ளியை வைத்துக் கொண்டு கதை கட்டுகிறார்கள்' என்கிற கட்சி. இவர்கள் படித்தவர்கள், அதனால் இவர்களிடம்தான் எனக்கு அதிகப் பயம்.

இவர்களுக்கு நான் 2022-ஆம் வருஷம் செப்டம்பர் 26-ஆம் தேதியைச் சொல்லுவேன். அன்றைக்கு 'டார்ட்' என்ற விண்கலத்தை 'டிமோர்ஃபஸ்' என்ற சின்னக் கல்லின் மேல் வேண்டுமென்றே மோதவிட்டார்கள். என்றைக்காவது ஒரு கல் பூமியை நோக்கி வந்தால் இடித்துத் திருப்ப முடியுமா என்பதற்கு அது ஒத்திகை. டிமோர்ஃபஸ் 'டிடிமஸ்' என்ற பெரிய கல்லைச் சந்திரன் மாதிரி சுற்றிக் கொண்டிருந்தது. மோதுகிற கணம்வரை விண்கலத்தின் காமிரா அற்புதமான படங்களை அனுப்பிற்று. இடித்தது என்பதைப் படம் சொல்லிற்று. ஆனால் எவ்வளவு நகர்ந்தது? அதைப் படம் சொல்லவில்லை. பூமியிலிருந்து பார்த்தால் இரண்டு கல்லும் சேர்ந்து ஒரே புள்ளி. ஒரு கல் இன்னொன்றை மறைக்கிறபோது அந்தப் புள்ளி கொஞ்சம் மங்கும். அந்த மங்கல் எத்தனை மணிக்கு ஒரு தரம் வருகிறது என்று பார்த்தார்கள். இடிப்பதற்கு முன் 11 மணி 55 நிமிஷம். இடித்த பிறகு 11 மணி 23 நிமிஷம். 73 விநாடி மாறினாலே வெற்றி என்று வைத்துக் கொண்டிருந்தவர்களுக்கு 32 நிமிஷம் கிடைத்தது. மனித ஜாதி முதன்முதலாக ஆகாயத்தில் ஒரு பொருளின் பாதையை மாற்றிற்று என்பதற்குச் சாட்சி சொன்னது ஒளிக்கோடுதான். இதுவா ஊகம்?

இன்னும் ஒன்று சொல்லுகிறேன். 12 நிமிஷத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிற ஒரு சின்னக் கல் இருக்கிறது. சூரிய வெளிச்சம் பட்டுத் திரும்புகிற அந்த மெல்லிய தள்ளலிலேயே அது வருஷத்துக்கு வருஷம் வேகம் கூடிக் கொண்டு வருகிறது. சுற்றுகிற நேரம் எவ்வளவு குறைகிறது? வருஷத்துக்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு! இதையும் கண்டு 2007-ல் எழுதினார்கள். அதையும் புள்ளியின் வெளிச்சத்தில்தான் பார்த்தார்கள். பெரிய கற்கள் பொதுவாக 2 மணி 12 நிமிஷத்துக்குக் குறைந்த நேரத்தில் சுற்றுவதில்லை என்பதையும் ஆயிரக்கணக்கான கோடுகள் சேர்ந்தே சொல்லின. அதற்கு மேல் வேகமாகச் சுற்றினால் சிதறிவிடும். அப்படியானால் அவற்றில் பல ஒரே பாறை அல்ல, ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கிற ஜல்லிக் குவியல் என்று அர்த்தம். இடித்துத் திருப்ப நினைப்பவனுக்குப் பாறையா ஜல்லியா என்பது ஜீவாதாரமான கேள்வி அல்லவா?

புள்ளி சொல்லாததும் உண்டு. அதை மறைக்க நான் வக்கீல் அல்ல. 'பென்னு' என்ற கல்லின் வடிவத்தை ரேடாரும் ஒளிக்கோடும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். 2018-ல் விண்கலம் போனபோது வடிவம் வெகு நன்றாகப் பொருந்திற்று. ஆனால் தரை பெரும்பாலும் மணலாக இருக்கும் என்று வேறு வகையில் எதிர்பார்த்தது பொய்த்து, எங்கே பார்த்தாலும் பாறாங்கற்கள். இறங்க இடம் தேடித் திண்டாடினார்கள். எது தெரியும், எது தெரியாது என்பதற்கு நடுவே இருக்கிற வரப்பை நான் காட்டச் சொல்லுகிறேன். படம் அந்த வரப்பை உழுதுவிடுகிறது. சுருட்டின் நீளம் அளந்தது. அதன் வெடிப்பு வரைந்தது. பார்க்கிறவன் எப்படிப் பிரிப்பான்?

பிரிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. அந்தக் கல் வெளியேறும்போது புவியீர்ப்புக் கணக்குக்குக் கொஞ்சம் அதிகமாக வேகம் எடுத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆவி லோப், அது வேற்றுலகத்தார் செய்த மெல்லிய பாய்மரமாக இருக்கலாமே என்று 2018-ல் எழுதி, 2021-ல் புத்தகமும் போட்டார். நைட்ரஜன் பனிக்கட்டி என்றார்கள் சிலர். உள்ளே அடைபட்ட ஹைட்ரஜன் வெளியேறிய உந்துதல் என்று 2023-ல் வேறு சிலர் காட்டினார்கள். 'இருக்கலாம்' என்று கேட்பது ஒரு விஞ்ஞானியின் உரிமை. ஆனால் அந்த 'லாம்' பத்திரிகைக்கு வந்து சேர்வதற்குள் உதிர்ந்துவிட்டது. நம் வீட்டுச் செல்போன்களில் சுருட்டுக்கு ஜன்னல் வைத்து, ஜன்னலுக்கு விளக்கும் ஏற்றிவிட்டார்கள். கற்பனை என் தொழில். அதை விலை போட்டு, கதை என்று அட்டையில் அச்சடித்துத்தான் விற்கிறேன். கள்ளக் கடையில் விற்பதில்லை.

2025-ஆம் வருஷம் பிப்ரவரியில் இன்னும் மோசம். சுமார் 60 மீட்டர் அளவுள்ள ஒரு கல் 2032 டிசம்பரில் பூமியின் மேல் விழுவதற்கு நூற்றுக்கு மூன்று பங்கு வாய்ப்பு இருப்பதாகக் கணக்கு வந்தது. ஒரு வாரத்துக்குள் மேற்கொண்டு அளந்து பார்த்து அந்த வாய்ப்பு இல்லாமலே போயிற்று. ஆனால் அந்த வாரம் முழுவதும் தீப்பிழம்பாக ஒரு மலை நகரங்களின் மேல் இறங்குகிற படத்தைத்தான் பார்த்தோம். அது வெறும் புள்ளி என்றோ, அந்தப் புள்ளியின் ஒளியைக் கொண்டே அது இருபது நிமிஷத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள் என்றோ எத்தனை பேர் சொன்னார்கள்? பயந்த வாசகர்கள் அடுத்த வாரம் 'ஒன்றும் இல்லையாம்' என்று கேட்டதும், 'எல்லாம் புளுகு' என்று விஞ்ஞானத்தின் பேரிலே பழியைப் போட்டார்கள். நிஜமாகவே ஒரு கல் வருகிற நாளில் இவர்களிடம் யார் பேசினால் எடுபடும்?

சென்னையில் இருந்து கொண்டு இதைச் சொல்லுவதில் எனக்கு ஒரு தனிப்பட்ட ரோஷமும் உண்டு. நட்சத்திரங்களின் ஒளியை அளக்க இன்றைக்கும் உலகம் முழுவதும் வைத்திருக்கிற அளவுகோல், ஐந்து படி என்றால் நூறு மடங்கு என்கிற கணக்கு, 1856-ல் நார்மன் ராபர்ட் போக்ஸன் என்ற ஆங்கிலேயர் வகுத்தது. அவர் 1861-ல் சென்னை வான் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். 1891-ல் சாகிறவரை இங்கேதான் இருந்தார். நாம் மழைச் செய்தியில் தினமும் கேட்கிற நுங்கம்பாக்கம்தான் அந்த இடம். அங்கிருந்து 1861 ஏப்ரல் 17-ல் அவர் கண்டுபிடித்த சிறுகோளுக்கு 'ஆசியா' என்று பெயர். 1866 மே மாதம் 'சில்வியா' என்ற இன்னொன்றைக் கண்டார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாசாரியும் அதே ஆகாயத்தில் ஒளி மாறுகிற நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். சில்வியா 5 மணி 11 நிமிஷத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிற நீளக் கல் என்று பிற்காலத்தில் தெரிந்தது. அதற்கு இரண்டு குட்டிச் சந்திரன்கள்கூட உண்டு. 2001-லும் 2004-லும் கண்டார்கள். இரட்டைச் சந்திரன் உள்ள சிறுகோள் என்று முதன்முதலில் தெரியவந்தது நுங்கம்பாக்கத்துச் சில்வியாதான். இதை எந்தத் தமிழ்ப் பத்திரிகையாவது முதல் பக்கத்தில் போட்டதா? படம் இல்லை, அதனால் போடவில்லை.

இன்றைக்கும் இந்த வேலையைச் செய்கிறவர்களில் பலர் பெரிய உத்தியோகஸ்தர்கள் அல்ல. வீட்டுக் கொல்லையில் ஒரு சின்ன டெலஸ்கோப்பையும் ஒரு காமிராவையும் வைத்துக் கொண்டு, ராத்திரி முழுவதும் ஒரு புள்ளியைப் பார்த்துக் கோடு போட்டு அனுப்புகிற ஆசைக்காரர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் கோடுகளை அச்சிடுவதற்கென்றே 1973 முதல் ஒரு பத்திரிகை நடக்கிறது. அதைப் புரட்டினால் பக்கம் பக்கமாகப் புள்ளிக் கோலம் மாதிரி இருக்கும். நம் வீட்டுப் பெண்கள் பார்த்தால் எங்கே இழை கோணிற்று என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்த சந்தர்ப்பம் தூரத்தில் இல்லை. 2029-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, 'அபோஃபிஸ்' என்ற கல் பூமிக்கு 32,000 கிலோமீட்டர் பக்கத்தில் வந்து போகிறது. நம் கடிகாரப்படி 14-ஆம் தேதி விடியற்காலை மூன்றேகால் மணி சுமாருக்கு மிக நெருக்கம். நமக்குச் சித்திரை வருஷப் பிறப்பு! விழாது. இன்னும் நூறு வருஷத்துக்குப் பயமில்லை என்று 2021-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். அதுவும் ஓமுவாமுவாவைப்போல் தள்ளாடித் தள்ளாடிச் சுற்றுகிற கல், ஒளிக்கோட்டில் கண்டது. பூமி அதைக் கடந்து போகும்போது கொஞ்சம் இழுத்துப் பார்க்கும். அந்த இழுப்பில் அதன் சுழற்சி மாறும். எப்படி மாறிற்று என்பதை மறுபடியும் ஒளிக்கோடு சொல்லும். உலகத்தில் பல இடங்களில் வெறுங் கண்ணாலேயே பார்க்கலாம். என்ன தெரியும்? நகருகிற ஒரு புள்ளி.

பத்திரிகாசிரியர்களே, அன்றைக்கு அந்தக் கோட்டைப் போடுங்கள். கீழே மணியை எழுதுங்கள். பக்கத்தில் ஒளியின் அளவை எழுதுங்கள். எங்கே கல் முகம் காட்டிற்று, எங்கே முனை காட்டிற்று என்று இரண்டு அம்புக்குறி போடுங்கள். அரைப் பக்கம் போதும். போடமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். அன்று வரப்போகிற படத்தில் என்னென்ன இருக்கும் என்பதை இப்போதே ஒரு காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு, மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்: நெருப்பு, வால், கீழே ஒரு நகரம்.